காலையில் கனவு கலையும் முன்: கனவை நினைவில் வைக்கவும் கனவுக்குள் விழிக்கவும் ஒரு வழிகாட்டி

"எனக்குக் கனவே வருவதில்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலானோருக்குக் கனவு வருகிறது. அது காலைவரை தங்குவதில்லை, அவ்வளவுதான். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் க்ளைட்மனும் ரெம் தூக்கத்தைக் கண்டறிந்து அறிவித்தார்கள். மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக ஓடும் தூக்கக் கட்டம் அது. அதன்பின் நடந்த சோதனைகளில், அந்தக் கட்டத்தில் எழுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 80 சதவீத முறை ஒரு கனவை விவரித்தார்கள். வீட்டில் அதே ஆட்கள் காலையில் எழுந்து "ஒன்றும் ஞாபகம் இல்லை" என்பார்கள். இந்த இடைவெளியை அடைக்கப் பழகலாம். பழக வேண்டியது முக்கியமாக இரண்டு: தூக்கத்தின் கடைசிப் பகுதியை வெட்டாமல் விடுவது, விழித்த முதல் நிமிடத்தைக் கெடுக்காமல் இருப்பது. கனவில் இருக்கும்போதே "இது கனவு" என்று தெரிந்துகொள்ளும் பயிற்சியெல்லாம் இந்த இரண்டும் கைகூடிய பிறகுதான்.

இரவின் கணக்கு

தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒரு இரவில் நான்கு முதல் ஆறு சுற்றுகள். முதல் சுற்றுகளில் ஆழ்தூக்கம் அதிகம். அப்போது வரும் ரெம் கட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரவு போகப்போக ஆழ்தூக்கம் குறைந்து ரெம் நீள்கிறது. விடியற்காலையில் ஒரே கட்டம் அரை மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கலாம். எட்டு மணி நேரம் தூங்குபவர் ஆறு மணி நேரத்தில் எழுந்தால் போவது கால் பங்கு தூக்கம்; ஆனால் ரெம் தூக்கத்தில் அதைவிடப் பெரிய பங்கு போய்விடுகிறது. குறைவாகத் தூங்கிக்கொண்டு கனவு நினைவில் நிற்கவில்லை என்று வருத்தப்படுபவர் வேறு எந்த உத்தியையும் தேடுமுன் படுக்கும் நேரத்தை முன்னால் நகர்த்த வேண்டும். தினமும் பத்து, பதினைந்து நிமிடமாக நகர்த்தினால் உடல் ஏற்றுக்கொள்ளும். ஒரே நாளில் ஒரு மணி நேரம் முன்னால் படுத்தால் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பீர்கள்.

மது இந்தக் கணக்கைக் குலைக்கிறது. இரவின் முதல் பாதியில் ரெம்மை அமுக்கிவிட்டு, பின்பாதியில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும். அப்போது வருவது பெரும்பாலும் கலங்கலான கனவுகள். காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிக்கும். படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன் குடித்த பெரிய அளவுகூடத் தூக்கத்தைக் குறைப்பது சோதனையில் தெரிந்திருக்கிறது. பிற்பகலோடு நிறுத்திவிடுங்கள்.

கனவு நினைவுக்கென்று வைட்டமின் பி6 மாத்திரை விழுங்குவது இணையத்தில் பரவலாகப் பேசப்படுகிறது. 240 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில் நினைவு கொஞ்சம் கூடியது உண்மை. ஆனால் அது ஐந்து நாள் மட்டும் கொடுத்துப் பார்த்தது. அந்த அளவைத் தொடர்ந்து எடுத்தால் கைகால் நரம்புகள் பாதிக்கப்படலாம். கனவுக்காக அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை. இந்த வழிகாட்டியில் உள்ள எதற்கும் மாத்திரை தேவையில்லை.

விழித்த முதல் நிமிடம்

ரெம் தூக்கத்தில் மூளையில் நார்அட்ரினலின் மிகக் குறைந்துபோகிறது. புதிய நினைவுகளைப் பதியவைப்பதில் பங்குள்ள பொருள் அது. அதனால் கனவு மெல்லிய தடமாகத்தான் நிற்கிறது. அதன்மேல் வேறு எண்ணம் ஏறினால் அழிந்துவிடும். 1973-இல் டேவிட் கோஹனும் உல்ஃபும் இதை நேராகச் சோதித்தார்கள். ஒரு குழுவினர் எழுந்ததும் தொலைபேசியில் வானிலை அறிவிப்பைக் கேட்டு வெப்பநிலையை எழுதிவிட்டு, பிறகுதான் கனவை எழுத வேண்டும். இந்தச் சின்ன வேலையே அவர்களது கனவு நினைவைக் கணிசமாகக் குறைத்தது. இன்று கண் திறந்ததும் கைபேசியைப் பார்ப்பவர்கள் தினமும் இதைத்தான் செய்கிறார்கள்.

எனவே விழித்ததும் செய்ய வேண்டியது இது. கண்ணைத் திறக்காதீர்கள். எந்த நிலையில் படுத்திருக்கிறீர்களோ அப்படியே கிடங்கள். கையை நீட்டவோ புரளவோ வேண்டாம். "என்ன கனவு கண்டேன்?" என்று கேட்டால் மனம் கதை தேடும், கதை கிடைக்காமல் கைவிட்டுவிடும். "இப்போது எங்கே இருந்தேன்? கையில் என்ன இருந்தது? யார் பக்கத்தில்?" என்று கேளுங்கள். கிடைத்த துண்டு எவ்வளவு அற்பமாக இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு "அதற்கு முன்?" என்று பின்னோக்கிப் போங்கள். கனவின் முடிவுதான் விழிப்புக்கு மிக அருகில் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்து நினைவுகூர முயல்வது பெரும்பாலும் தோற்கும்.

எடுத்துக்காட்டாக, விழித்ததும் மிஞ்சியிருப்பது கையில் பிடித்த ஒரு ஈரச் செருப்பு மட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏன் ஈரம்? தண்ணீரில் நடந்தேன். எங்கே? படிக்கட்டில் தண்ணீர் வழிந்தது. அதற்கு முன்? மேலே ஒரு வகுப்பறை. தேர்வு எழுத வந்திருந்தேன், ஆனால் இருக்கைகள் எல்லாம் சுவரைப் பார்த்திருந்தன. செருப்பிலிருந்து வகுப்பறைக்குப் போக அரை நிமிடம் ஆகலாம். அந்த அரை நிமிடம் "இன்று என்ன கிழமை" என்று யோசித்திருந்தால் செருப்பும் மிஞ்சியிருக்காது.

காட்சி எதுவுமே இல்லையென்றால் உணர்ச்சியைத் தேடுங்கள். அவசரமா, வெட்கமா, இனம்புரியாத மகிழ்ச்சியா? அந்த உணர்ச்சியோடு ஒரு நிமிடம் இருந்தால் சில நேரம் காட்சி தானே வரும். அடுத்து, நெருங்கியவர்கள், வேலை செய்யும் இடம், பழைய வீடு, பயணம் என்று ஒவ்வொன்றாக மனதில் நிறுத்திப் பாருங்கள். ஏதாவது ஒன்று பட்டென்று தொடும். கடைசியாக, நீங்கள் வழக்கமாகத் தூங்கும் மற்ற நிலைகளுக்கு மெதுவாகத் திரும்பி ஒவ்வொன்றிலும் சற்று நேரம் கிடங்கள். இது பலருக்கு உதவுகிறது; கனவு வந்தபோது இருந்த நிலைக்கு உடல் திரும்புவதால் என்று சொல்வதுண்டு.

அலாரம் பெரிய தடை. கேட்டவுடன் கை நீட்டி அணைக்க வேண்டியிருப்பதே பாதியை அழித்துவிடும். அலாரம் இல்லாமல் எழ முடிகிற விடுமுறை நாளில் பயிற்சியைத் தொடங்குங்கள். அலாரம் வேண்டுமென்றால் மெல்ல ஏறும் ஒலியாக, கையெட்டும் தூரத்தில், ஒரே தட்டில் நிற்பதாக இருக்கட்டும்.

இரவில் தூக்கம் கலைவதைப் பலர் குறையாக நினைக்கிறார்கள். பிரான்சின் லியோனில் நடந்த ஆய்வில், கனவை அடிக்கடி நினைவில் வைப்பவர்கள் இரவில் விழித்திருந்த மொத்த நேரம் மற்றவர்களைப் போல ஏறத்தாழ இருமடங்கு. கனவை நினைவில் பதிக்க அந்தச் சிறு விழிப்புகள் இடம் கொடுக்கின்றன. ஆகவே மூன்று மணிக்குத் தானாக விழிப்பு வந்தால் எரிச்சல் வேண்டாம், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே இரவு முழுக்க அலாரம் வைத்து எழுவதுதான் கூடாது.

குறிப்பேடு

தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும். பக்கத்தின் மேலே முந்தின இரவே மறுநாள் தேதியை எழுதிவையுங்கள். "காலையில் எழுதப்போகிறேன்" என்ற எண்ணத்தை உறுதியாக்க இந்தச் சின்னச் செயல் போதும். நடு இரவில் எழுதுவதென்றால் மங்கலான விளக்கில் நாலைந்து சொல் மட்டும்: "ஈரச் செருப்பு, படிக்கட்டு, சுவர் பார்த்த இருக்கை." முழு விவரத்தைக் காலையில் விரிக்கலாம். குரல் பதிவு செய்பவர்கள் கைபேசியை அழைப்பும் இணையமும் வராத விமானப் பயன்முறையில் (ஏரோப்ளேன் மோட்) வைத்து, பதிவுச் செயலியை இரவே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற அறிவிப்புகள் கண்ணில் படக்கூடாது. முணுமுணுப்பாகப் பேசியதைக் காலையில் கேட்டால் பாதி புரியாது, தெளிவாகப் பேசுங்கள்.

முதலில் துண்டுச் சொற்கள், பிறகு விவரம். நிகழ்காலத்தில் எழுதினால் காட்சி கண்முன் நிற்கும்: "படியில் இறங்குகிறேன், தண்ணீர் கணுக்காலுக்கு ஏறுகிறது." விழித்த நேரம், தூங்கிய நேரம், கனவின் முக்கிய உணர்ச்சி, ஒரு சிறு தலைப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் பிறகு தேட எளிது. நினைவில்லாத இடத்தை "இங்கே விட்டுப்போச்சு" என்று குறித்துவிட்டு நகருங்கள். இடைவெளியைத் தர்க்கத்தால் நிரப்பிக் கோர்வையான கதையாக்குவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. கோர்வையாக்கிய கதை மறுநாள் உண்மையான நினைவாகவே தோன்றத் தொடங்கும். பலன் பார்ப்பதும், "இதற்கு என்ன அர்த்தம்" என்று ஆராய்வதும் எழுதி முடிக்கும்வரை வேண்டாம்.

முதல் சில நாள் ஒன்றும் வராமல் போகலாம். அன்றும் "ஒன்றுமில்லை, லேசான பதற்றம்" என்று ஒரு வரி எழுதுங்கள். பலருக்கு ஓரிரு வாரத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு கனவாவது பிடிபட ஆரம்பிக்கும். இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் வெறுமையாக இருந்தால், தூக்க நேரத்தையும் மாத்திரைகளையும் பாருங்கள். மனச்சோர்வுக்குத் தரப்படும் பல மருந்துகள் ரெம் தூக்கத்தைக் குறைக்கின்றன. அவற்றைத் திடீரென நிறுத்தும்போது கனவுகள் கொந்தளித்து வரும். இரத்த அழுத்தத்துக்கான சில பீட்டா தடுப்பு மருந்துகள் கெட்ட கனவைத் தூண்டக்கூடும். எதையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

கனவுக்குள் விழிப்பது

கனவு காணும்போதே அது கனவு என்று தெரிவதை லூசிட் ட்ரீம் என்கிறார்கள். தெளிகனவு என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனை என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது. ரெம் தூக்கத்தில் உடல் தசைகள் செயலிழந்து கிடந்தாலும் விழித்தசைகளுக்கு அந்தத் தடை இல்லை. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் 1975 ஏப்ரலில் கீத் ஹெர்ன் இதைப் பயன்படுத்தினார். ஆலன் வோர்ஸ்லி என்பவர் தூங்கிக்கொண்டே, முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைத்துச் சைகை கொடுத்தார். கருவி அதைப் பதிவுசெய்தது. ஸ்டான்ஃபர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜும் தனியாக இதையே நிரூபித்தார். 2021-இல் வெளியான ஆய்வில், தூங்குபவரிடம் "எட்டில் ஆறு போனால்?" என்று கேட்டபோது கனவுக்குள்ளிருந்து கண்ணை அசைத்து இரண்டு என்று பதில் வந்தது.

இது யோகிகளுக்கு மட்டும் வாய்ப்பதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வாழ்நாளில் ஒரு தடவையாவது தெளிகனவு கண்டதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 55 சதவீதம். ஆனால் நினைத்த இரவில் வரவைப்பது வேறு விஷயம். தினசரி ஒரு கனவாவது நினைவில் நிற்காதவர் இதில் இறங்கினால் ஏமாற்றம்தான். தெளிகனவே வந்தாலும் காலையில் மறந்துபோகும்.

குறிப்பேட்டில் பதினைந்து, இருபது கனவு சேர்ந்ததும் உட்கார்ந்து படியுங்கள். திரும்பத் திரும்ப வருவதை அடிக்கோடிடுங்கள்: படித்த பள்ளி, தவறவிட்ட வண்டி, இறந்துபோனவர் சாதாரணமாகப் பேசுவது, வேலை செய்யாத கைபேசி. இவை உங்கள் கனவு அடையாளங்கள். பகலில் இவற்றைப் போன்ற ஒன்று எதிர்ப்படும்போதெல்லாம் நின்று, "இது கனவா?" என்று சோதியுங்கள். நம்பகமான சோதனை மூக்கைப் பிடிப்பது: வாயை மூடி, மூக்கை விரலால் இறுக்கி, மூச்சை இழுத்துப் பாருங்கள். கனவில் உங்கள் நிஜ மூக்கை யாரும் பிடித்திருக்கவில்லை என்பதால் மூச்சு தாராளமாக வரும். இன்னொன்று, ஏதாவது எழுத்தைப் படித்து, பார்வையை விலக்கி, மறுபடி படிப்பது. கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிவிடும்.

நாளுக்குப் பத்து தடவை போதும். கவனிக்க வேண்டியது சோதனையின் தரம். கடமைக்கு மூக்கைப் பிடித்துவிட்டு "கனவில்லை" என்று போனால், கனவிலும் அதேபோல் பிடித்துவிட்டு "கனவில்லை" என்று போவீர்கள். ரெம் தூக்கத்தில் முன்மூளையில் சரிபார்க்கும் வேலையைச் செய்யும் பகுதிகள் அடங்கியிருக்கின்றன. அதனால்தான் செத்தவர் காபி போட்டுக் கொடுத்தாலும் நமக்கு ஐயம் எழுவதில்லை. ஒவ்வொரு தடவையும் பத்து நொடியாவது உண்மையிலேயே சந்தேகப்படுங்கள்: இங்கே எப்படி வந்தேன், கால் மணி நேரம் முன்பு எங்கே இருந்தேன்?

பகல் சோதனை மட்டும் வைத்துக்கொண்டு பலன் எதிர்பார்க்க வேண்டாம். லபெர்ஜ் 1980 வாக்கில் வகுத்த நினைவூட்டு முறையோடு சேர்த்தால்தான் பயன் தெரிகிறது. படுத்து ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு ஒலிக்கும்படி அலாரம் வையுங்கள். எழுந்து, கண்டதை நினைவுகூர்ந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் மங்கல் வெளிச்சத்தில் எழுதுங்கள். மறுபடி படுத்து, "அடுத்த கனவில், நான் கனவு காண்கிறேன் என்பதை நினைவுகொள்வேன்" என்று மனதுக்குள் சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே, சற்று முன் கண்ட கனவுக்குள் திரும்பிப் போவதாகக் கற்பனை செய்யுங்கள். அதில் இருந்த அடையாளத்தைக் காண்கிறீர்கள், உதாரணமாகச் சுவர் பார்த்த இருக்கைகள், "அட, இது கனவு!" என்று கண்டுகொள்கிறீர்கள். சொல்வதையும் காண்பதையும் மாறி மாறிச் செய்து, கடைசி எண்ணமாக அதுவே இருக்கும்படி தூங்கிவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டென்ஹோம் ஆஸ்பி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பகல் சோதனை, ஐந்து மணி நேரத்துக்குப்பின் எழுதல், இந்த நினைவூட்டு முறை மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் 17 சதவீத முயற்சிகள் பலித்தன. பயிற்சி முடிந்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிப்போனவர்களிடம் அது ஏறத்தாழ 46 சதவீதம். இதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம் தெளிவு: நடுவில் எழும்போது ரொம்பவும் தெளிந்துவிடக்கூடாது. பெரிய விளக்கைப் போட்டால், திரையைப் பார்த்தால், அரை மணி உட்கார்ந்தால் தூக்கம் திரும்ப நேரமாகும். மாறாக, இரண்டாவது தடவை சொல்லும் முன்பே தூங்கிப்போகிறீர்கள் என்றால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபடி சொல்லுங்கள். வாரத்தில் ஓரிரு இரவு, மறுநாள் தாமதமாக எழ முடிகிறபோது மட்டும் செய்யுங்கள். அதிகாலையில் வண்டி ஓட்ட வேண்டியவர்கள் அந்த இரவில் செய்யவே கூடாது.

முதல் தெளிகனவு பெரும்பாலும் சில நொடியில் கலையும், ஏனென்றால் "கண்டுபிடிச்சிட்டேன்" என்ற பரபரப்பே எழுப்பிவிடும். தெரிந்த மாத்திரத்தில் பறக்கப் பார்க்காதீர்கள். கனவுக் கைகளை ஒன்றோடொன்று தேயுங்கள், சுவரைத் தொட்டு அதன் சொரசொரப்பைக் கவனியுங்கள், தரையை உற்றுப் பாருங்கள். காட்சி மங்கும்போதும் இதையே செய்யுங்கள். ஒரே புள்ளியை நெடுநேரம் முறைத்துப் பார்த்தால் கனவு கலைந்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள், பார்வையை நகர்த்திக்கொண்டே இருங்கள். விழித்துவிட்டதாகத் தோன்றினாலும் மூக்கைப் பிடித்துப் பாருங்கள். எழுந்து பல் துலக்குவதுபோல் வரும் பொய் விழிப்பு இந்தப் பயிற்சியில் அடிக்கடி நேரும்.

நடு இரவில் எழுந்து படுப்பவர்களுக்குத் தூக்க முடக்கமும் வரலாம். மனம் விழித்துவிட்டது, ரெம்மின் தசைத்தளர்ச்சி இன்னும் விடவில்லை. நெஞ்சு அழுந்தும், அறையில் யாரோ நிற்பதுபோல் இருக்கும். பேய் அமுக்கியது என்று சொல்வது இதைத்தான். எழப் போராடாமல், மூச்சைச் சீராக விட்டு, ஒரு விரலையோ கால் நுனியையோ அசைக்கப் பாருங்கள். ஓரிரு நிமிடத்துக்குள் பெரும்பாலும் விட்டுவிடும். மல்லாந்து படுக்கும்போது அதிகம் வருவதால் ஒருக்களித்துப் படுங்கள். அடிக்கடி வந்தால் நள்ளிரவுப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால்

இதற்குத் தெளிகனவைவிட எளிய, சோதித்தறிந்த வழி உண்டு. பேரி க்ராகோவ் குழுவினர் 2001-இல் பதிப்பித்த சோதனையில் பலன் தந்த கற்பனை ஒத்திகை முறை அது. பகலில், விழித்த நிலையில், கனவை எழுதுங்கள். பிறகு அதை உங்களுக்குப் பிடித்தபடி மாற்றி எழுதுங்கள். எங்கே மாற்றுவது, எப்படி என்பது உங்கள் விருப்பம். துரத்துபவனை வெல்ல வேண்டும் என்றில்லை. சந்து ஒரு திறந்த மைதானத்தில் முடியலாம். மாற்றிய கனவை மட்டும் நாளுக்குப் பத்து முதல் இருபது நிமிடம் மனக்கண்ணில் ஓட்டுங்கள். பழையதை ஓட்டக்கூடாது. ஆக மோசமான கனவில் தொடங்காமல் நடுத்தரமான ஒன்றை எடுங்கள். படுக்கும்போது "அதை நினைக்கவே மாட்டேன்" என்று அடக்குவது பயன் தராது. தூங்குமுன் அடக்கிய எண்ணம் கனவில் கூடுதலாக வருவதை டேனியல் வெக்னர் 2004-இல் காட்டினார்.

விபத்து, வன்முறை போன்றவற்றை அப்படியே திரும்பக் காட்டும் கனவுகளுக்கு இந்த ஒத்திகையைத் தனியாகச் செய்யாமல் மனநல மருத்துவரோடு செய்யுங்கள். எது நிஜம் என்ற குழப்பம் வரும் மனநோய் உள்ளவர்கள், தூக்கமின்மையால் உச்சநிலை (கட்டுமீறிய உற்சாகம்) தூண்டப்படும் இருமுனைக் கோளாறு உள்ளவர்கள், வலிப்பு உள்ளவர்கள் நடு இரவில் எழும் பயிற்சியையும் பகல் சந்தேகச் சோதனையையும் விட்டுவிட வேண்டும். வலிப்பும் தூக்கக் குறைவால் தூண்டப்படும். கனவில் அடிப்பதும் உதைப்பதும் படுக்கையிலும் நடந்தால் தசைத்தளர்ச்சி சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள், குறிப்பாக ஐம்பது வயதுக்கு மேல். கூர்மையான பொருட்களைக் கட்டிலருகிலிருந்து அகற்றிவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பக்கத்தில் படுப்பவர் என்ன பார்த்தார், எத்தனை மணிக்கு என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டுபோனால் அவருக்கு உதவியாக இருக்கும்.